வலை இல்லாமல் ஒரு பயணம்

கடல் என்றதும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது என்ன? எங்கள் மகளிர் குழுவின் ஒன்றுகூடலில் ஒருநாள் இந்தக் கேள்வியைக் கேட்டேன். பன்னிரண்டு பெண்கள் பாயில் வட்டமாக இருந்தார்கள். ஒருவர் "கிளாலி" என்றார். வடமராட்சி கிழக்கிலிருந்து வந்தவர் "2004 மார்கழி 26" என்றார். நெடுந்தீவில் பிறந்த அம்மா ஒருவர் குமுதினிப் படகைச் சொன்னார். 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டபோது அவர் பாடசாலை மாணவி. இளையவர் ஒருவர் "மீன் வெடுக்கு, வேறென்ன?" என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

காற்று வாங்குவதற்கும் கடல் இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலானோர் அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் குடியிருப்பவர்கள்.

நான் சமூகவியல் படித்த காலத்தில் கடற்றொழில் சமூகங்களின் வேலைப் பிரிவினை பற்றிப் படித்திருக்கிறேன். கடல் ஆணுக்கு, கரை பெண்ணுக்கு என்பது அதன் சாரம். கரையில் பெண் என்ன செய்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். வலையில் சிக்கிய நண்டைக் காலுடையாமல் கழற்றுகிறாள். கிழிந்த வலை பொத்துகிறாள். கருவாடு போடுகிறாள். சந்தையில் கூவி விற்கிறாள். வள்ளத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுகிறாள். இவ்வளவும் செய்தும், படிவத்தில் தொழில் என்ற இடத்தில் அவளுக்கு "வீட்டுப் பணி" என்றே எழுதப்படுகிறது. பெண் கால் வைத்தால் வள்ளத்தில் மீன் படாது என்ற பேச்சும் இன்னும் சில கரைகளில் உண்டு.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை நாம் பெருமையோடு சொல்வோம். அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் அதை விலைக்கு வாங்கினார். தமிழ் மாலுமிகள் அதைச் செலுத்த, 1938 ஆகஸ்டில் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இங்கே அதற்கு அம்மன் பெயர். வாங்கியவர் அதற்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார். கப்பலுக்கு இரண்டு முறையும் பெண் பெயர்தான் கிடைத்தது. பாய் இழுத்தவர்கள் எல்லோரும் ஆண்கள்.

பாசையூரில் எனக்கு ஓர் அக்காவைத் தெரியும். ஐம்பது வயதைத் தாண்டியவர். எங்கள் குழுவில் அதிகம் பேசாதவர். அவருடைய கணவர் 2007ஆம் ஆண்டு ஒருநாள் காலையில் யாழ்ப்பாண நகரத்துக்குப் போனார். திரும்பி வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பலர் அப்படிக் காணாமற்போன காலம் அது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளும், கரையில் ஒரு மரவள்ளமும் மிஞ்சின.

இந்த அக்காவுக்குப் பாய் பிடிக்கத் தெரியும். அதற்குக் காரணம் பொருளாதாரத் தடை. 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின் குடாநாட்டுக்குள் எரிபொருள் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில் அளந்து விற்ற நாட்களை என் வயதுக்கு மேற்பட்டவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வள்ளங்களின் இயந்திரங்கள் சும்மா கிடந்தன. பழையவர்கள் பரணில் இருந்த பாயை இறக்கினார்கள். அக்காவின் தகப்பனாருக்கு ஆண் பிள்ளைகள் இல்லை. ஆகவே இருட்டோடு மகளைக் கூட்டிச் சென்று சுக்கான் பிடிக்கப் பழக்கினார். விடியுமுன் கரைக்கு வந்துவிடுவார்களாம். ஊர் பார்த்தால் கதை வரும் என்ற பயம்.

முப்பது வருடம் கழித்து அந்தப் பழக்கம் கைகொடுத்தது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது கடற்றொழிலாளருக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்ந்தது. அக்கா ஒரு நீலத் தறப்பாளை வெட்டிப் பாய் தைத்தார். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் நம் எல்லோருடைய தலைக்கு மேலும் கட்டியிருந்த அதே தறப்பாள்தான். இளைய மகளை அணியத்தில் இருத்திக்கொண்டு களப்பில் நண்டு வலை போட்டார். வருமானம் பெரிதில்லை. கடன் இல்லாமல் சாப்பிட்டார்கள்.

2024 தொடக்கத்தில் அந்த வள்ளத்தை வாங்க ஒருவர் வந்தார். விற்றுவிட்டு வீட்டோடு இருக்கும்படி உறவினரும் நெருக்கினார்கள். அக்கா என்னிடம் வந்து இப்படிச் சொன்னார்: "விக்கிறதெண்டால் விக்கலாம் மிஸ். அதுக்கு முதல் ஒருநாள் வலை இல்லாமல் ஓடவேணும். இந்த வள்ளத்திலை நான் ஒருநாளும் சும்மா போனதில்லை. சாட்டி மாதாவுக்கு ஒரு மெழுகுதிரியும் கொளுத்தவேணும். நீங்களும் வாங்கோ."

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் விடிகாலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். அக்கா, இருபத்திரண்டு வயது மகள், நான். இடியப்பமும் சம்பலும் பொதி செய்திருந்தோம். சுடுதண்ணிப் போத்தலில் தேநீர் இருந்தது. மூவரும் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டோம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சங்கத்தில் சொல்லிவைத்தோம். கைபேசியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினோம். கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "என்ன, பொம்பிளையள் சுற்றுலாவோ?" என்று கேட்டார். "ஓம் அண்ணை, சுற்றுலாதான்" என்றார் அக்கா. அந்தப் பதிலில் அவருக்கே ஒரு சந்தோசம்.

கரையோரம் முழங்கால் ஆழம்தான். மகள் மரக்கோலை ஊன்றி வள்ளத்தைத் தள்ளினாள். யாழ்ப்பாணக் களப்பு பெரும்பாலும் ஆழம் குறைந்தது. ஆகையால் அடிதட்டாத சிறிய வள்ளங்களே அதில் வசதி. ஆழம் கூடியதும் அக்கா பாயை ஏற்றினார். தறப்பாள் இரண்டு முறை படபடத்தது. பிறகு வயிறு புடைத்து நின்றது. வள்ளம் ஒரு பக்கம் சற்றுச் சரிந்து நகரத் தொடங்கியது.

எனக்கு முதலில் விளங்கியது சத்தம் இல்லாமைதான். இயந்திரப் படகில் பேசுவதற்குக் கத்தவேண்டும். இங்கே தண்ணீர் பலகையில் உரசுவதும் கயிறு முனகுவதும் மட்டும் கேட்டன.

காற்று எப்போது எங்கிருந்து வரும் என்று அக்கா சொல்லித்தந்தார். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்குப் பக்கமிருந்து வருவது சோளகம். கிழக்கால் கொண்டல், மேற்கால் கச்சான். பருவக் காற்று ஓயும் பங்குனி, சித்திரையில் இவற்றோடு இன்னொரு கணக்கும் உண்டு. விடியப்புறம் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும். மத்தியானத்துக்குப் பிறகு கடலிலிருந்து கரைக்கு வீசும். இதன் காரணத்தை நாங்கள் பாடசாலையில் படித்திருக்கிறோம். பகலில் தரை கடலைவிட வேகமாகச் சூடாகிறது. சூடான காற்று மேலே எழ, கடற்பக்கத்துக் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. இரவில் தரை விரைவாகக் குளிர்வதால் இது எதிர்ப்பக்கமாக நடக்கிறது. பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்ததை அக்கா கன்னத்தில் படும் குளிரை வைத்துச் சொன்னார்.

குருநகரும் கோட்டையும் பின்னால் சிறுத்துக்கொண்டு போயின. சிறுத்தீவைத் தாண்டி, மண்டைதீவின் தெற்குப் பக்கமாகத் திரும்பி, மேற்கே ஓடினோம். கரையில் பனைகள். தண்ணீரில் மீன் பிடிக்க நட்டிருந்த தடிகள். அடியில் சாதாளை தெளிவாகத் தெரிந்தது. ஓரிடத்தில் கடலட்டைப் பண்ணைக்கு அடைத்த வலைவேலி நீண்டு கிடந்தது. சுற்றிப் போகவேண்டியிருந்தது. "முந்தி இதாலை நேரே ஓடுவம்" என்றார் அக்கா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அல்லைப்பிட்டிக்கு நேரே வந்தபோது அக்கா என்னைப் பின்னுக்கு அழைத்தார். "இந்தா பிள்ளை, சுக்கானைப் பிடி" என்றார். கரையில் நான் மிஸ். வள்ளத்தில் பிள்ளையாகிவிட்டேன்.

சுக்கான் பிடிப்பது நினைத்ததற்கு எதிரானது. வலப்பக்கம் திரும்பவேண்டுமானால் பிடியை இடப்பக்கம் தள்ளவேண்டும். "தண்ணியைப் பாராதை. தூரத்திலை ஒரு பனையைக் குறிவை. பாய் உதறினால் காத்து விட்டுப்போச்செண்டு அர்த்தம். கொஞ்சம் திருப்பு, திரும்ப நிரம்பும்" என்றார். இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். "கழுத்தைப் பிடிக்கிற மாதிரிப் பிடியாதை, குழந்தையின்ரை கையைப் பிடிக்கிற மாதிரிப் பிடி" என்று மகள் சொன்னாள். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் தாய். தாய்க்குச் சொன்னவர் பாட்டன்.

அப்போதுதான் எனக்குக் கிளாலி நினைவு வந்தது. 1993இல் எனக்கு ஏழு வயது. ஆனையிறவுப் பாதை மூடிக்கிடந்ததால், குடாநாட்டை விட்டு வெளியேற இரவில் கிளாலிக் களப்பைக் கடந்து பூநகரிப் பக்கம் போகவேண்டும். படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டி இழுத்துச் சென்றார்கள். அம்மா என்னை மடியில் குப்புறக் கிடத்தி, முதுகில் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். நான் கடலைப் பார்க்கவில்லை. படகின் அடிப்பலகையில் தேங்கிய தண்ணீரைத்தான் பார்த்தேன். அந்தக் களப்பில் போய்வந்தவர்கள் எத்தனையோ பேர் சுடப்பட்டு இறந்தார்கள். அதன் பிறகு முப்பது வருடமாக, வேலைக்காகத் தீவுகளுக்குப் போகும்போதெல்லாம் படகின் நடுவில், வெளியே தெரியாத இடமாகப் பார்த்து உட்காருவேன்.

அன்று அப்படி உட்கார வழியில்லை. சுக்கான் பிடிப்பவர் முன்னே பார்த்தே ஆகவேண்டும். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கைக்கு ஒரு வேலை கிடைத்தது. கண்ணுக்கு ஒரு பனை கிடைத்தது. மண்கும்பான் கரை வரும்வரை அந்தப் பனையை நான் விடவில்லை. பயந்தவரை "பயப்படாதே" என்று ஆற்றுப்படுத்துவதைவிட, செய்யக்கூடிய ஒரு சிறிய வேலையைக் கையில் கொடுப்பது சில நேரங்களில் அதிகம் உதவும் என்று பயிற்சிகளில் நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அதை அக்கா எனக்குச் செய்தார்.

ஒன்பது மணி கடந்து சாட்டியில் இறங்கினோம். பத்துக் கிலோமீற்றருக்கு மேல் ஒரு துளி எண்ணெய் செலவில்லாமல் வந்திருந்தோம். சாட்டியில் இருப்பது சிந்தாத்திரை மாதா ஆலயம். சிந்து என்றால் கடல், யாத்திரை என்றால் பயணம். கடற்பயணத்துக்குத் துணை நிற்கும் அன்னை என்பது பெயரின் பொருள். அக்கா மெழுகுதிரி கொளுத்திவிட்டு நெடுநேரம் முழந்தாளில் நின்றார். என்ன கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

பிறகு மகள் கடலில் குளித்தாள். நாங்கள் மர நிழலில் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிந்ததும் அக்கா சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு மணலில் படுத்து நித்திரையாகிவிட்டார். அவரைத் தெரிந்த ஆறு வருடத்தில் அவர் பகலில் கண்ணயர்ந்ததை அன்றுதான் கண்டேன். "அம்மா வீட்டிலை இப்பிடிப் படுக்கிறதில்லை" என்று மகளும் மெதுவாகச் சொன்னாள்.

எழும்பியதும் அவரே பேச்சைத் தொடங்கினார். வள்ளம் இன்னும் கணவரின் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின்படி மீன்பிடி வள்ளங்கள் பதிவு செய்யப்படவேண்டும். உதவி, நட்டஈடு எது வந்தாலும் பதிவில் இருக்கும் பெயரைத்தான் பார்ப்பார்கள். பெயரை மாற்றக் கேட்டு அவர் ஓர் அலுவலகத்துக்கு மூன்றுமுறை போனார். மரணச் சான்றிதழ் கொண்டுவரும்படி சொன்னார்கள். "செத்துப்போனார் எண்டு நான் எப்பிடி எழுதிக் குடுக்கிறது? நான் கண்டனானா?" என்று கேட்டார் அக்கா. விற்பதற்கு அவர் சம்மதிக்கப் பார்த்ததும் இதனால்தான். தன் பெயரில் இல்லாத வள்ளத்தை எத்தனை நாள் வைத்திருப்பது?

வாசகிகளில் பலருக்கு இது பயன்படலாம் என்பதால் அவரிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். அதில் அவர் இறந்தார் என்று எழுதப்படுவதில்லை. தேடுவதை நிறுத்தவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அதை வைத்து அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், சமூக நலக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கலாம். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின்மீது நம்பிக்கை இல்லை, எந்தக் காகிதமும் வேண்டாம் என்று 2017 முதல் வீதியோரத்தில் இருந்து போராடிய தாய்மார் பலர். அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எடுப்பதா விடுவதா என்பது ஒவ்வொரு குடும்பத்தின் தீர்மானம். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு தீர்மானிப்பது நல்லது என்பதே என் கருத்து.

அக்கா பதில் சொல்லவில்லை. "காத்து மாறப்போகுது, வெளிக்கிடுவம்" என்றார்.

திரும்பும்போது கொண்டல் எதிரே நின்றது. நாங்கள் போகவேண்டியது கிழக்கே. காற்று வருவதும் கிழக்கிலிருந்து. பாய்வள்ளம் நேரே காற்றுக்குள் போகமுடியாது. ஆகவே காற்றுக்குச் சரிவாகத் தெற்கே கொஞ்சத் தூரம், பிறகு பாயைத் திருப்பி வடக்கே கொஞ்சத் தூரம் என்று குறுக்கும் மறுக்குமாக ஓடவேண்டும். வள்ளத்தின் அடி தட்டையாக இருப்பதால், மகள் ஒரு பலகையை விளிம்போடு தண்ணீருக்குள் இறக்கிப் பிடித்தாள். அது இல்லாவிட்டால் காற்று வள்ளத்தைப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நாங்கள் தலையைக் குனிந்து பக்கம் மாறி இருந்தோம். நான் இரண்டு முறை நனைந்தேன். ஒரு மணித்தியாலம் ஓடியும் அதே மண்கும்பான் கரைதான் தெரிந்தது.

"அம்மா, இதை வித்துப்போட்டு நான் எங்கை போய்ப் பாய் பிடிக்கிறது?" என்று மகள் கேட்டாள். அவள் கண் பலகையிலேயே இருந்தது. அக்கா கயிற்றைத் தளர்த்தி, இழுத்து, மறுபக்கம் கட்டினார். பிறகு, "உனக்கு எழுதித் தாறதுக்கும் முதல் என்ரை பேருக்கு வரவேணுமே" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மூன்று மணியளவில் தெற்கிலிருந்து கடற்காற்று எழுந்தது. வள்ளம் நேர்ப்பட்டு ஓடியது. பொழுது சாய முன் பாசையூர்க் கரையில் கால் வைத்தோம்.

இந்தப் பயணத்தை நான் ஒரு பெரிய சாதனையாக எழுதவில்லை. சனிக்கிழமை ஒன்றில் மூன்று பெண்கள் காற்று வாங்கிவிட்டு வந்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் பெண்களுக்கு வாழ்வாதார உதவி, சுயதொழில் பயிற்சி, கடன் என்று பேசும் நாங்கள், ஓய்வு என்ற சொல்லைத் திட்டங்களில் எழுதுவது குறைவு. பெண் தலைமைத்துவக் குடும்பங்களில் ஒரு பெண் சும்மா இருக்கும் ஒரு பகல் வருடத்தில் எத்தனை முறை வருகிறது? வீட்டில் சும்மா இருந்தால் சோம்பேறி என்பார்கள். வெளியே போனால் வேறு கதை சொல்வார்கள். கணவர் இல்லாதவள் சிரித்தால் அதற்கும் கணக்குக் கேட்பார்கள். நாமும் மற்றப் பெண்ணிடம் அந்தக் கணக்கைக் கேட்கிறோமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

உங்களிடம் வள்ளம் இல்லாமல் இருக்கலாம். உங்கள் ஊரில் குளக்கட்டு இருக்கும், வயல் வரம்பு இருக்கும், கோயில் வீதி இருக்கும். நம்பிக்கையான இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, விற்கவும் வாங்கவும் ஒன்றும் கொண்டுபோகாமல் ஒருநாள் போய்வாருங்கள். கடலுக்குப் போவதானால் காற்றுத் தெரிந்தவரோடு போங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறாதீர்கள். போகும் இடத்தைக் கரையில் சொல்லிவிட்டுப் போங்கள்.

அக்கா வள்ளத்தை விற்கவில்லை. வைகாசியில் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை நிரப்பக் கூப்பிட்டார். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் நீண்ட நேரம் எடுத்தது. கணவரின் உயரம் என்ன என்று கேட்ட இடத்தில் அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இதை எழுதும்வரை சான்றிதழ் கிடைக்கவில்லை. நண்டு வலை போட அவரும் மகளும் கிழமைக்கு நாலு நாள் போகிறார்கள். எங்கள் குழுவில் இப்போது ஒரு சிறு கொப்பி இருக்கிறது. வலை இல்லாமல் வள்ளத்தில் போக விரும்புபவர்கள் அதில் பெயர் எழுதுகிறார்கள். ஒரு தடவைக்கு இரண்டு பேரைத்தான் அக்கா ஏற்றுவார். கிளாலி என்று சொன்னவர் முதலாவதாக எழுதியிருக்கிறார். மீன் வெடுக்கு என்றவர் இரண்டாவது. சுக்கான் பிடிக்க நான் ஐந்தாவது ஆளாகக் காத்திருக்கிறேன்.